புதுப்பிப்பு: பென்டாஹோவிலிருந்து கிளவுட் போஸ்ட்கிரெஸ் டேபிளுக்கு இன்சர்ட், வேகம் சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: பென்டாஹோவில் (தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் மென்பொருள்) சிஎஸ்வி ஃபைலிலிருந்து 2 லட்சம் வரிகளை, டேபிளில் எழுதும் 'டேபிள் அவுட்புட்' ஸ்டெப் வழியாக, கிளவுடில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே, ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கமிட் சைஸை (எத்தனை வரிக்கு ஒருமுறை சேமிப்பது என்ற எண்) 1000லிருந்து 10000 ஆக்கிப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. 'பேட்ச் அப்டேட் (வரிகளைத் தொகுப்பாக அனுப்புவது) டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான் சரி. எந்த வரியில் பிழை வருகிறது என்று பார்க்க நானே எப்போதோ அந்த டிக்கை எடுத்துவிட்டு மறந்திருக்கிறேன். ஒவ்வொரு வரியும் தனியாக சர்வருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஒரு நடைக்கு 40 மில்லிசெகண்ட் என்றாலே 2 லட்சத்துக்கு 8000 விநாடி! டிக்கைப் போட்டு, கனெக்‌ஷனின் ஆப்ஷன்ஸ் பகுதியில் பல இன்சர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் 'ரீரைட்பேட்ச்டுஇன்சர்ட்ஸ்' என்பதற்கு ட்ரூ கொடுத்தேன் (அதுவும் அதே நண்பர் சொன்னதுதான்). இப்போது டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

எதிர்பாராதது ஒன்று. மறுநாள் அப்ளிகேஷனில் புதுப் பதிவு போட்டால் 'டூப்ளிகேட் கீ' பிழை (அதே ஐடி ஏற்கெனவே இருக்கிறது என்று). சிஎஸ்வியில் இருந்த ஐடியையும் அப்படியே இன்சர்ட் செய்திருந்தேன். அப்படிச் செய்தால் ஐடிக்கு அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் நகராமல் பழைய எண்ணிலேயே நிற்கும். செட்வேல் என்ற ஃபங்ஷனைப் போட்டு அதை டேபிளின் அதிகபட்ச ஐடிக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் பிழை வரவில்லை.