அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? ஜூன் முதல் மழைக்காலம் வரை கவனிக்க வேண்டியவை (அனுபவப் பகிர்வு)

தலைமை ஆசிரியர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி:

பள்ளி திறந்த முதல் மாதத்தில் மேசைக்கு அதிகம் வருவது பெயர்ச் சிக்கல்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். தமிழில் எழுதினால் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆங்கில எழுத்தில் போகும்போது பிரிந்துவிடுகிறது. யாழினியின் 'ழ'வுக்கு ஒரு இடத்தில் 'இசட், எச்' இருக்கும், இன்னொரு இடத்தில் 'எல்' இருக்கும். இன்னொரு பிள்ளைக்கு ஒற்றை 'ஏ'யா இரட்டை 'ஏ'யா என்ற குழப்பம். முன்னெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை.

திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பிறப்புச் சான்றிதழ், அடுத்து ஆதார், கடைசியாக எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு). ஆதாரை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பிறப்புச் சான்றிதழைத் திருத்தினால் ஆதார் மையத்துக்கு இரண்டாம் முறை அலைய வேண்டும். ஆதாரில் பெயரை 2 முறையும் பிறந்த தேதியை 1 முறையும்தான் மாற்றலாம் என்பதால் வரிசை தவறினால் அந்த வாய்ப்பும் வீணாகும். பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறாமல், 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் பதறத் தேவையில்லை. பிறந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். இப்போது குடியிருக்கும் ஊரில் இல்லை. தாய்வீட்டுப் பக்கத்து மருத்துவமனையில் பிரசவம் நடந்திருந்தால் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

1-ஆம் வகுப்பிலேயே இதை முடித்துவிடுங்கள். எமிஸில் ஏறுகிற பெயரும் பிறந்த தேதியும்தான் டி.சி.யில் வரும். பிள்ளை மேல்வகுப்புக்குப் போகப் போக அதே எழுத்துகள் கூடவே போகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவது பெரிய வேலை.

அடுத்தது ஆதாரில் கைரேகை. 5 வயதுக்குள் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகையும் கருவிழியும் இருக்காது. 5 வயது முடிந்ததும் இரண்டையும் பதிய வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. 7 வயது தாண்டியும் பதியாமல் விட்டால் எண் முடக்கப்படலாம். பள்ளியில் ஆதார் முகாம் நடக்கும் நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். முகாமுக்கு முதல் நாள் இரவு கையில் மருதாணி வேண்டாம், கோந்து வேலையும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் ரேகை மென்மையானது, கருவி அதை எடுக்கவே சிரமப்படும். விரலை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் வைத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

செல்போன் எண்ணையும் பாருங்கள். அப்பா திருப்பூரில் வேலையில் இருப்பார், பிள்ளை பாட்டியிடம் வளரும், எமிஸில் இருப்பது அப்பாவின் பழைய நம்பர். பள்ளி அனுப்புகிற தகவல் யாருக்கும் போய்ச் சேராது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கிறவரின் கையில் எந்த போன் இருக்கிறதோ அந்த நம்பரைக் கொடுங்கள். சிம் மாற்றினால் அந்த வாரமே சொல்லுங்கள்.

1, 2-ஆம் வகுப்பு ஆசிரியை:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எண்ணும் எழுத்தும் (சின்ன வகுப்புகளுக்கான அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம்) வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. 'பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர், நம்ம பிள்ளை மட்டும் அரும்பா?' என்று கேட்டுக்கொண்டு அம்மாக்கள் வருகிறார்கள். அரும்பு என்றால் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. எழுத்தை இனிமேல்தான் கூட்டிப் படிக்க வேண்டும், அதற்கேற்ற பயிற்சி அந்தப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கணக்கில் மலரும் தமிழில் அரும்புமாக இருக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. வீட்டில் உட்கார்ந்து மலர் பக்கத்தை அம்மாவே நிரப்பி அனுப்பினால் பிள்ளைக்கு எது வரவில்லை என்று எங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அரும்பில் இருக்கிற பிள்ளைக்கு வீட்டில் தினமும் 10 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் எடுத்து, முதல் எழுத்தின் ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள். 'க'வையும் 'த'வையும் நூறு முறை எழுத வைத்தால் கை வலிக்கும், ஒலி மனதில் நிற்காது.

சீருடை பற்றி. சத்துணவு சாப்பிடுவதாகப் பதிவான பிள்ளைகளுக்குத்தான் 4 செட் வரும். 'வீட்டிலிருந்து டிபன் கொடுத்துவிடுகிறோம்' என்று பதிவை எடுத்துவிட்டு, அப்புறம் சீருடை வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். அதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். துணி பெரிதாக வந்தால் வெட்ட வேண்டாம், மடித்துத் தைத்து வையுங்கள். ஜனவரிக்குள் அந்த மடிப்பைப் பிரிக்க வேண்டிவரும்.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு உறுப்பினர்:

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய் என்று கணக்கு. நூறு பிள்ளைக்கு 5 கிலோ ரவை. எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அளந்து போட முடியும். திங்கட்கிழமையும் பண்டிகைக்கு மறுநாளும் வருகை திடீரென்று குறையும், சமைத்தது மீந்துபோகும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பிள்ளை சாப்பிடவில்லை என்று வருகிற புகாரில் பாதி, வீட்டில் 7 மணிக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்ததால்தான். 8 மணிக்கு எப்படிப் பசிக்கும்? பால் மட்டும் அரை டம்ளர் கொடுத்து அனுப்புங்கள். முதல் மணி அடிக்கும் நேரத்துக்கு ஓடிவருகிற பிள்ளை இரண்டு வாய் விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போய்விடும். குறைந்தது அரை மணி நேரம் முன்னால் வர வேண்டும். ரவை ஆறினால் கட்டியாகிவிடும், அதைத் திரும்பச் சூடுபடுத்தித் தர மாட்டோம். வேர்க்கடலையோ பாலோ வேறு எதுவோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் எங்களுக்கு வந்து சேராது.

பிள்ளையை விட வருகிறவர்கள் சமையல்கூடத்து வாசலில் நின்று பேச வேண்டாம், கூட வரும் கைக்குழந்தையை உள்ளே விடவும் வேண்டாம். சாம்பார் அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வரும் வழி அது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் போனார்கள். அந்த நாளை மறந்துவிட்டு அடுப்பு பற்றவைக்க முடியாது. கீற்றுக் கொட்டகையோ விறகுக் குவியலோ வகுப்பறையை ஒட்டி இருந்தால் அதை எடுக்கச் சொல்லிக் கேட்க எல்லாப் பெற்றோருக்கும் உரிமை உண்டு.

ஒரு பெற்றோர்:

டீச்சர், தண்ணீர் பாட்டில் எவ்வளவு பெரிதாக வாங்கலாம்? கொடுத்துவிட்ட தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது.

1, 2-ஆம் வகுப்பு ஆசிரியை:

500 மி.லி. போதும், பள்ளியில் நிரப்பிக்கொள்ளலாம். மூடி பிள்ளையே திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், வாங்கும்போது பிள்ளையிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். 11 மணி, 1 மணி, 3 மணிக்குத் தண்ணீர் மணி அடிக்கிறோம். அப்படியும் குடிக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் கழிப்பறைதான். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, அல்லது இருட்டு. பிள்ளை அடக்கிக்கொள்வதற்காகவே குடிக்காமல் இருக்கும். அதனால் மெதுவாகக் கேளுங்கள். காரணம் தெரிந்தால் அன்றைக்கே எங்களிடம் சொல்லுங்கள்.

கிராமச் சுகாதாரச் செவிலியர்:

குடற்புழு நீக்க நாளில் அதிகம் நடக்கும் தவறு, 'என் பிள்ளைக்கு வீட்டில் கொடுத்துக்கொள்கிறேன்' என்று மாத்திரையை வாங்கிப்போய் அலமாரியில் வைப்பது. அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையைச் செவிலியர் அல்லது ஆசிரியர் முன்னிலையில் மென்று சாப்பிட வேண்டும். 2 வயதுக்கு மேல் முழு மாத்திரை, 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை. சின்னப் பிள்ளைக்கு இரண்டு கரண்டிக்கு நடுவில் பொடியாக்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுப்போம். அப்படியே விழுங்கினால் தொண்டையில் சிக்கும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு அன்று கொடுக்க மாட்டோம், விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுப்போம். வயிற்றில் புழு நிறைய இருந்த பிள்ளைக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல், வாந்தி வரலாம். புழு சாவதால் வருவது அது. நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். 'மாத்திரையால் பிள்ளைகள் மயக்கம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்து எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கு ஓடிவந்தால், நன்றாக இருக்கும் பிள்ளைகளும் பயந்து வாந்தி எடுக்கும்.

வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. அதைச் சாப்பிட்டதும் டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

அம்மை போட்ட பிள்ளையைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள். தலைக்கு ஊற்றுவது உங்கள் வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை தொற்று உண்டு. முதுகையும் தலைமயிருக்குள்ளும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து 5 நாள் வீட்டில் இருக்கட்டும்.

பேன்: பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனை ஈரத்தலையில் தேய்த்து 10 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். அதோடு முடிந்தது என்று விடுவதால்தான் திரும்ப வருகிறது. ஈர் பொரிந்து புதுப் பேன் வந்துவிடும் என்பதால் 7 முதல் 10 நாளுக்குள் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். நடுவில் ஈர்கொல்லிச் சீப்பால் வாருங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் செய்யுங்கள். சீதாப்பழ விதைப்பொடி வேண்டவே வேண்டாம். கண்ணில் ஒரு துளி வழிந்தாலும் கருவிழி புண்ணாகிவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம்.

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். 5 முதல் 6 வயதில் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) இரண்டாம் ஊக்கத் தவணை, 10 வயதில் டி.டி. (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி. ஒன்றரை வயது ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து 5 வயதுத் தவணையை விடுகிறவர்கள்தான் அதிகம்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி:

மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர்தான் அறிவிப்பார். போனில் வரும் படத்தில் தேதி, மாவட்டப் பெயர், 'பள்ளிகளுக்கு மட்டும்' என்றா 'கல்லூரிகளுக்கும்' என்றா என மூன்றையும் படியுங்கள். போன வருடப் படம் இந்த வருடமும் சுற்றும்.

ஐப்பசி பிறக்கும் முன் குழு உறுப்பினர்கள் பள்ளியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சுற்றுச்சுவரில் விரிசல் இருந்தால் அளந்து, செல்போனில் படம் எடுத்து, தேதி போட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள். 'பழுது பார்க்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் யாரும் வர மாட்டார்கள். 'கழிப்பறையின் வடக்குச் சுவர், தரையிலிருந்து 3 அடி உயரத்தில், 4 அடி நீள விரிசல், சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது' என்று எழுதுங்கள். சரிசெய்யும் வரை அந்தப் பக்கம் கயிறு கட்டிப் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் அடைத்திருக்கும் ஆலிலை, அரசிலையை எடுத்தாலே பாதி ஒழுகல் நிற்கும். சுவிட்ச் போர்டு பக்கம் சுவர் ஈரமாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குடத்தில் தேங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏறக்குறைய அந்த அளவு நாள்தான் ஆகும்.

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வருகைப் பதிவேட்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தே கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்துக்கு வாருங்கள்.

ஆட்டோ ஓட்டுநர்:

பிள்ளையை இறக்கிவிட்டதும் ஆட்டோவுக்கும் வேனுக்கும் முன்னால் குறுக்கே ஓட விடாதீங்க. வேன் மூக்குக்குக் கீழே நிற்கிற பிள்ளை சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போதும் அப்படித்தான். பை வாரை முடிச்சுப் போட்டு வையுங்க, தொங்கினால் கம்பியில் மாட்டும். மழைக்கோட்டுத் தொப்பி பக்கவாட்டை மறைக்கும், அதனால ரோடு தாண்டும்போது தொப்பியை இறக்கிவிடச் சொல்லிக் கொடுங்க.

ஒரு பெற்றோர்:

தை மாதம் கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போக வேண்டியிருக்கும். 3-ஆம் வகுப்புப் பிள்ளையை அங்கே சேர்க்க முடியுமா?

தலைமை ஆசிரியர்:

முடியும். போவதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். டி.சி. கொடுத்துவிட்டு எமிஸில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிப்போம், 'காமன் பூல்' என்று சொல்வது அதைத்தான். விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பதிவில் எடுக்க முடியும். பலருக்கும் சிக்குவது இங்கேதான். டி.சி. கையில் இருக்கும், பழைய பள்ளி பெயரை விடுவித்திருக்காது. கிளம்பும் முன் 'காமன் பூலில் விட்டாச்சா?' என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

டி.சி. வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவில் அது தெளிவாக இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கே மறுத்தால் 14417 கல்வி உதவி எண்ணில் சொல்லுங்கள். பிள்ளை வயலில் வேலைக்கு நிறுத்தப்படுகிறது என்றால் 1098.

தையில் போகிறீர்கள் என்றால் மூன்றாம் பருவப் புத்தகம் வேண்டும். எங்களிடம் வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையே எடுத்துச் செல்லுங்கள். அரும்பு, மொட்டு நிலை எழுதிய பயிற்சி நூலையும் பையில் வையுங்கள், புது டீச்சர் எங்கிருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஆதார் நகல் இரண்டு, தடுப்பூசி அட்டை, எமிஸ் எண் எழுதிய தாள் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, லாரியில் ஏற்றும் மூட்டைக்குள் வைக்காமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து திரும்பும்போது அங்கேயும் இதே மாதிரி காமன் பூலில் விடச் சொல்லிவிட்டு வாருங்கள்.