வெள்ளிக்கிழம குரூப்ல வந்த ஷார்ஜா வண்டியோட இன்ஜின் மிஸ்ஸிங்

அண்ணன் ஷார்ஜா: அத்தான் முழிச்சிட்டியளா. மஸ்தா வண்டி நேத்து ராத்திரில இருந்து மிஸ்ஸிங் அடிக்கு, இன்ஜின் விட்டு விட்டு எரியுது, சிக்னல்ல நின்னா ஸ்டியரிங்கே நடுங்குது, பாலத்துல ஏறும்போது மிதிச்சா இழுக்கவே இல்ல, செக் இன்ஜின் லைட் மினுக்கு மினுக்குன்னு எரியுது, பின்னாடி பச்ச பெட்ரோல் வாட. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், பானெட்ட கூட தொறக்கல, ரோட்டரியா அப்பம் ரோட்டர் மொனைல உள்ள அபெக்ஸ் சீல் போயிருக்கும், இன்ஜின எறக்கணும் இல்லன்னா வந்த வெலைக்கு தள்ளிருங்கான்

அம்மா: ஏ ராசா சாப்ட்டியா. அந்த வண்டிய குடுத்துட்டு வேற பாரேன்

சின்ன மாமா பாளை: ஏலே டிப்போல இப்படி ஒரு பஸ் வந்தா ஓடவிட்டு டீசல் போவுத நாசில் பைப் நட்ட ஒவ்வொண்ணா லூஸ் பண்ணுவோம். எத லூஸ் பண்ணும்போது சத்தம் மாறலயோ அதான் செத்த சிலிண்டர். உன்னதுல எத்தன சிலிண்டர்

அண்ணன் ஷார்ஜா: இதுல சிலிண்டரே கெடயாது மாமா, பிஸ்டனும் இல்ல வால்வும் இல்ல. முக்கோணமா ரெண்டு ரோட்டர், ஒண்ணு முன்னால ஒண்ணு பின்னால, உள்ளயே சுத்தும்

அத்தான் வள்ளியூர்: மாப்ள மொதல்ல வண்டிய ஓட்டாத. லைட் மினுக்குதுன்னா எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு போவுதுன்னு அர்த்தம், அது பொகைய சுத்தம் பண்ணுத கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போயி எரிஞ்சு உள்ள உருகி அடைச்சிரும், அப்பம் ரெண்டு செலவு. கோளாறு கோடு படிக்கித ஓபிடி கருவி வச்சிருக்கல்லா, கோடு என்ன காட்டுது

அண்ணன் ஷார்ஜா: பி0302

அத்தான் வள்ளியூர்: அப்பம் பின் ரோட்டர், கடைசில 1ன்னா முன்னால 2ன்னா பின்னால. மாமா நீங்க சொன்ன அதே கணக்குதான், ஆனா இதுல ஓடும்போது ஒயர உருவி பாக்கக்கூடாது, பிளக்குக்கு பொறி கரண்ட் குடுக்க காயிலும் ஒயரும் கைய அடிச்சிரும், காயிலும் போயிரும். ஒரு ரோட்டருக்கு ரெண்டு பிளக், கீழ உள்ளது லீடிங் மேல உள்ளது டிரெய்லிங், ஆக நாலு பிளக் நாலு காயில். லீடிங்தான் முக்காவாசி வேல பாக்கும். மாப்ள நீ ஆறின இன்ஜின்ல முன் லீடிங் காயில பின்னாடியும் பின் லீடிங் காயில முன்னாடியும் மாட்டு, கோட அழிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணு. கோடு பி0301ன்னு மாறிச்சின்னா காயில்தான் திருடன். இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல. மஸ்கட்டுல இருக்கும்போது சீல் போச்சுன்னு எழுதி குடுத்து வந்த வண்டி எத்தனயோ காயில மாத்துன ஒடனே ஒழுங்கா ஓடுச்சு, சொன்னா நம்பமாட்டிய

அக்கா வள்ளியூர்: இவுக காலைல காபி கூட குடிக்காம மொபைல புடிச்சிட்டு இருக்காவ

அண்ணன் ஷார்ஜா: (ஒரு மணி நேரம் கழிச்சு) அத்தான் காயில் ஒயர் ரெண்டையும் சேத்து மாத்திட்டேன், ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு கோடு பாக்க ஆஃப் பண்ணுனேன், இப்பம் ஸ்டார்ட்டே ஆவல, செல்ஃப் மட்டும் சுத்துது

அம்மா: அய்யோ

அத்தான் வள்ளியூர்: பயப்படாதீய அத்த. பிளக் பெட்ரோல்ல முங்கிட்டு. ரோட்டரி வண்டிய இன்ஜின் ஆறி கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஒடனே ஆஃப் பண்ணக்கூடாது, சூடு ஏறுற வரைக்கும் ஓடணும், இத நான் மொதல்லயே சொல்லிருக்கணும். இன்னொண்ணு, காயிலயும் ஒயரயும் சேத்து மாத்துனா கோடு மாறினாலும் எதுன்னு எப்படி தெரியும்

சின்ன மாமா பாளை: ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்ல. டிப்போல மொத நாளே சொல்லி குடுப்பாவ

அத்தான் வள்ளியூர்: முங்குனதும் ஒருவகைல நல்லதுதான், எப்படியும் பிளக்க கழட்டணும். ஸ்டாண்டு வச்சு இடது முன் டயர கழட்டு, பிளக் அந்த பக்கந்தான். லீடிங் பிளக்கும் டிரெய்லிங் பிளக்கும் வேற வேற, டேப் ஒட்டி எழுதி வையி. பெட்ரோல் பம்ப் ஃப்யூஸ உருவு, நாலு காயில் கனெக்டரயும் கழட்டு, பக்கத்துல எவனயும் சிகரெட் பத்த விடாத. பின் ரோட்டர் பிளக்க மட்டும் எடுத்துட்டு ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு எட்டு பத்து செகண்டு செல்ஃப் அடி, உள்ள கெடக்க பெட்ரோல் வெளிய வரும். அந்த சத்தத்த ரெக்கார்டு பண்ணி இங்க போடு. ரோட்டருக்கு மூணு மொகம், ஒவ்வொரு மொகமும் பிளக் ஓட்டைய தாண்டும்போது புஸ்ஸுன்னு ஊதும். மூணும் ஒரே மாரி பலமா ஊதுனா சீல் பெரும்பாலும் நல்லாருக்கு. ஒரு அபெக்ஸ் சீல் போனா பக்கத்து ரெண்டு மொகமும் சோந்துரும், ஏன்னா ஒரு சீலுதான் ரெண்டு அறைக்கும் நடுச்சொவரு. அமுக்கத்த அளக்கித சாதா கம்ப்ரஷன் கேஜ் வச்சு பாத்தா அதுக்குள்ள உள்ள வால்வு பெரிய நம்பர மட்டும் புடிச்சு வச்சிக்கிடும், சோந்த மொகம் தெரியவே தெரியாது

நான்: அத்தான் அப்பம் அந்த ஒர்க்‌ஷாப்காரன் எத வச்சு சீல் போச்சுன்னான்

அத்தான் வள்ளியூர்: பேர வச்சும்மா. ரோட்டரின்னாலே எல்லாவனும் அதத்தான் சொல்லுவான். அதே மஸ்தாக்காரன் 1991ல 787பின்னு நாலு ரோட்டர் வண்டிய லெமான்ஸ் ரேஸ்ல 24 மணி நேரம் ஓட்டி ஜெயிச்சான், அந்த சீலு என்ன பஞ்சுலயா செஞ்சுது

அண்ணன் ஷார்ஜா: (ஆடியோ 0:11) இது பின் ரோட்டர். பிளக் ரெண்டும் நனஞ்சு கருப்பா இருந்துச்சு

அத்தான் வள்ளியூர்: ரெண்டு தடவ கேட்டேன். புஸ் புஸ் புஸ், ஒண்ணுக்கொண்ணு சமமா ஊதுது. முன் ரோட்டரயும் எடு

அண்ணன் ஷார்ஜா: (ஆடியோ 0:09)

அத்தான் வள்ளியூர்: அதே மாரி. மாப்ள உன் இன்ஜின் பொழச்சிச்சு. சரியான நம்பர் வேணும்னா ரோட்டரி டெஸ்டர் உள்ளவன்ட்ட பாக்கணும், மூணு மொகத்துக்கும் தனித்தனியா காட்டும், நிமிஷத்துக்கு 250 சுத்துக்கு கணக்கு பண்ணி சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோவுக்கு கீழ போவக்கூடாது. அத அப்புறம் பாப்போம். இப்பம் பிளக்க காய வச்சு மாட்டு, ஒயர அதது எடத்துல போடு, லீடிங் காயில் மட்டும் மாறி இருக்கட்டும்

அம்மா: தண்ணி குடிச்சிட்டு செய்யி ராசா, அங்க வெயிலு எப்படி இருக்கோ

அண்ணன் ஷார்ஜா: (பகல் 1:40) புகையா தள்ளிட்டு ஸ்டார்ட் ஆயிட்டு அத்தான், சூடு ஏறுற வரைக்கும் நின்ன எடத்துலயே ஓடுச்சு, நடுக்கம் இருக்கு. கோடு பி0301!!!

அத்தான் வள்ளியூர்: ஆங். பழைய காயில் முன்னால போயி முன் ரோட்டர சாவடிக்கு. ஒண்ணு மட்டும் வாங்காத, நாலும் ஒரே வயசு, நாலு காயில் நாலு ஒயர் நாலு பிளக் சேத்து மாத்து. மாத்துற வரைக்கும் வண்டிய எடுக்காத, டாக்சில போ. இன்ஜின் ஆயில் ஸ்டிக்கயும் பாரு, இது ஆயில கொஞ்சங்கொஞ்சமா உள்ள விட்டு எரிக்கித இன்ஜின், கொறஞ்சா சீலுக்கு வழுவழுப்பு இருக்காது

அண்ணன் ஷார்ஜா: ஸ்டிக்ல கீழ் கோட்டுக்கு ஒட்டி இருக்கு. இப்பமே ஊத்துதேன்

சின்ன மாமா பாளை: ஏலே அந்த புஸ் புஸ் சத்தத்த இன்னொரு மட்டம் போடு, உங்க அத்தை பேசிட்டு இருந்தா சரியா கேக்கல. முப்பது வருசம் டிப்போல இருந்தேன், பிஸ்டன் இல்லாத இன்ஜின் மூச்சு விடுதத இன்னைக்குத்தான் கேக்கேன்