ஐந்தாம் நாள் கருநீலம்

ஒரு தாய்:
என் மகன் 26 வாரத்தில் பிறந்தான். எடை 870 கிராம். முதல் நான்கு நாள் கவலையெல்லாம் நுரையீரலைப் பற்றித்தான். குடல் என்று ஒன்று இருப்பதே யார் நினைவிலும் இல்லை. ஐந்தாம் நாள் காலை செவிலியர் இஞ்சு டேப்பால் அவன் வயிற்றைச் சுற்றி அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மருத்துவரைக் கூப்பிடப் போய்விட்டார். எட்டிப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம், மை கொட்டியதுபோல் கருநீலம். எக்ஸ்ரேயில் குடலுக்கு வெளியே காற்று தெரிந்தது.

வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது. ஐந்தாம் மாதத்தில் நான் பப்பாளி தின்றதை மாமியாரின் அக்கா நினைவுபடுத்தினார். அந்தப் பப்பாளியை நானும் பல நாள் நம்பியதுதான் வெட்கம்.

அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். ஆயிரம் கிராமுக்கும் குறைந்த குழந்தைகளுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெரும்பாலும் பிறந்த இரண்டு வாரத்துக்குள், ஒரு சிறு துளை விழுவதுண்டாம். சுற்றியுள்ள குடல் நன்றாகவே இருக்குமாம். சிலருக்கு அந்த இடத்தில் தசை அடுக்கே மெலிந்திருக்கும். இதயத்தருகே மூடாமல் நிற்கும் ரத்தக் குழாயை மூடக் கொடுக்கும் இண்டோமெதசின் மருந்தும், ஸ்டீராய்டும் முதல் சில நாட்களில் சேர்ந்துகொண்டால் ஆபத்து கூடும் என்றார். என் மகனுக்கு இரண்டில் ஒன்றுதான் போயிருந்தது. “அதனால்தானா, டாக்டர்?” என்றேன். “அடித்துச் சொல்ல முடியாதம்மா. ஆனால் பப்பாளி இல்லை.”

வயிற்றைத் திறந்தால் தாங்கும் நிலையில் அவன் இல்லை. வார்மர் என்னும் சூடு தரும் படுக்கையில் வைத்தபடியே சின்னக் கீறல் போட்டு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகினார்கள். பச்சையாக வடிந்தது.

ஒரு செவிலியர்:
பச்சிளங்குழந்தைப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பெற்றோர் பலர் இப்படித் திடீரென விழும் குடல் துளையையும் ‘நெக்’ என்று நாங்கள் சொல்லும் குடல் அழற்சியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். நெக் பெரும்பாலும் பால் தொடங்கி, பிள்ளை தேறி வருகிறதே என்று மூச்சுவிடும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வரும். பால் செரிக்காமல் தேங்கும், மலத்தில் ரத்தம் தெரியும், எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் இருக்கும். முற்றினால் குடல் அழுகி ஓட்டை விழும். பவுடர் பால் இந்த ஆபத்தைக் கூட்டும், தாய்ப்பால் குறைக்கும். மும்பை சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி 1989-லேயே வந்துவிட்டது; நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இல்லை.

ஓர் இரவு, ஒரு தாய் சிரிஞ்சில் மூன்று மில்லி பாலைக் கூச்சத்தோடு நீட்டினார். “இவ்வளவுதான் வந்தது சிஸ்டர்.” அவர் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லிதான். “மூன்று வேளைக்கு ஆயிற்றே” என்றதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

முதலில் எழுதிய தாய்:
அப்புறம் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்களுக்காக: குழாயை ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். பின்னர் ஓர் அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருந்தது. பாலாடையில் முதல்முறை ஊட்டிய அன்று அவன் 1,640 கிராம். மாமியாரின் அக்கா பழப் பையோடு பார்க்க வந்தார். உள்ளே ஆரஞ்சு மட்டுமே இருந்தது.