மறு: ஹீத்லாந்து – புன்புதர்வெளி?

> ஹீத்லாந்துக்குத் தரிசுப் புதர்நிலம் என்பதே போதுமே.

போதாது ஐயா. சத்தில்லாத மணலில் குறும்புதர்கள் வளரும் திறந்தவெளியை ஆங்கிலத்தில் ஹீத்லாந்து (heathland) என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். தரிசு என்றதும் உழாமல் கிடக்கும் வெற்று நிலம்தான் மனத்தில் வரும். இங்கிலாந்தில், சர்ரேயில் உள்ள தர்ஸ்லி காப்பகத்துக்குக் கோடையில் போனால் அந்தச் சொல்லே வாயில் வராது. சதுப்பின் மேல் போட்டிருக்கும் நடைபாதை ஓரமாகவே தட்டான்களும் ஊசித்தட்டான்களுமாக இருபதுக்கும் மேற்பட்ட வகைகள், அவற்றைக் காலால் பிடித்துப் பறந்துகொண்டே தின்னும் ஹாபி வல்லூறு, பாசி நடுவே ஒட்டுத்துளி மினுங்கப் பூச்சியுண்ணும் செடியான அழுகண்ணி. (அழுகண்ணிக்குப் புதுச்சொல் வேண்டாம், இனம் வேறானாலும் சித்த மருத்துவப் பெயரே பொருந்தும்.)

சதுப்பை விட்டு மேடேறினால்தான் நாம் பெயர் தேடும் நிலம். அமிலத்தன்மையுள்ள சத்தில்லாத மணல், அதில் முழங்கால் உயர ஹெதர் என்ற குறும்புதர், இடையிடையே மஞ்சள் பூத்த முட்செடி. வெள்ளிப்பொட்டு நீலன் என்ற வண்ணத்துப்பூச்சி இங்கே எறும்புகளை நம்பி வாழ்கிறது: அதன் புழுவைக் கறுப்பெறும்புகள் காவல் காக்கும், புழு சுரக்கும் இனிப்பு நீர் அவற்றுக்கு உணவு. மணல் பல்லி வெயிலில் சூடேறிய வெறும் மணலில் முட்டையிடும். ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வரும் பக்கி என்ற பறவை வெறுந்தரையில் முட்டையிட்டு, அந்தியில் நூல் நூற்கும் ராட்டை சுற்றுவதுபோல் இடைவிடாமல் ஒலிக்கும். இத்தனைக்கும் திறந்த வெளி வேண்டும். மாடு மேயாமல், யாரும் வெட்டாமல் விட்டால் பிர்ச்சும் பைனும் முளைத்துச் சில பத்தாண்டுகளில் காடாகிவிடும், அதனால் புதர்க்காடு என்ற சொல்லும் சரிவராது.

புன்புலம் என்று ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் புறநானூறு 18இல் அது விதைத்துவிட்டு மழைக்காக வானம் பார்க்கும் நிலம். அது விளைநிலம், ஹீத்தில் யாரும் விதைப்பதில்லை. புன்செய்யில் இருக்கும் அதே ‘புன்’னை மட்டும் எடுத்துக்கொண்டு புன்புதர்வெளி என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மண்ணின் வளக்குறைவு, குறும்புதர், திறப்பு மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் சொல்லிப் பார்த்தால் நாக்கில் தடங்கவில்லை.

அப்புறம், மேட்டுக்கும் சதுப்புக்கும் நடுவே நீர் தேங்கும் பகுதியை ஈரப் புன்புதர்வெளி எனலாமா? 2020 மே மாதம் தர்ஸ்லியில் பெருந்தீ பரவியது பற்றி எழுதும்போது இந்தப் பாகுபாடு எனக்குத் தேவைப்படுகிறது. தாவரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள், விக்சனரி என்ற இணைய அகராதியில் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.