மறு: மறு: அப்சைக்ளிங் – ‘உயர்சுழற்சி’ வேண்டாம், ‘மேலாக்கம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

துணியைப் பற்றிய பேச்சு, இழை நீளத்தான் செய்யும். பழைய பொருளை நொறுக்காமல் வேறொரு நல்ல பொருளாக்குவதை ஆங்கிலத்தில் அப்சைக்ளிங் என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவின் மடல்களை இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போன வாரம் வகுப்பில் நடந்த ஒன்று எழுத வைத்துவிட்டது.

ஈரோட்டுப் பக்கம் மகளிர் குழுக்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய சேலை, லுங்கி, ஜீன்ஸ் கால், சாக்கு, உடைந்த குடையின் துணி இவற்றில் பையும் மிதியடியும் உறையும் தைக்கிற பாடத்துக்கு ஒரு கையேடு தயாராகிறது. இங்கே பலரும் ஒப்புக்கொண்ட ‘உயர்சுழற்சி’யையே தலைப்பாகப் போட்டு அச்செடுத்துப் போனேன். முதல் வரிசை அக்கா ஒருவர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க டீச்சர், இது தையல் மெஷினுக்கு ஸ்பீடு மோட்டார் மாட்டறதுங்களா?”

வகுப்பே சிரித்தது. நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தால், தமிழைச் சரியாகப் படித்தவர் அவர்தான். ‘உயர்’ என்று முன்னால் வந்தால் நமக்கு அது அளவையோ தகுதியையோ சொல்கிறது: உயர் அழுத்தம், உயர்கல்வி, உயர் நீதிமன்றம். கீழே இருந்தது மேலே போகிறது என்ற அசைவு அதில் இல்லை. உயர் அழுத்தம் என்றால் கூடுதல் அழுத்தம் என்றால், உயர்சுழற்சி என்றால் கூடுதல் சுற்றுதானே? மிக்சியின் மூன்றாம் நம்பர்!

> அப் என்றால் உயர், சைக்கிள் என்றால் சுழற்சி. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. முதலில், இந்த வேலையில் சுழற்சியே கிடையாது.

மறுசுழற்சியில் உண்டு. திருப்பூரில் வெட்டி மிஞ்சுகிற பனியன் துண்டுகள் மூட்டை மூட்டையாக ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்குப் போகின்றன. நிறம் பிரித்து, இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்குகிறார்கள். முன்பே நிறம் பிரித்துவிடுவதால் சாயம் ஏற்றுகிற செலவு மிச்சம். ஆனால் கிழிபடும்போது இழை குட்டையாகிவிடும். அதைத் தனியாக நூற்றால் நிற்காது, புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ கலக்க வேண்டும். வருகிற நூலும் தடிமன்தான், மாப்புக்கும் மலிவுப் போர்வைக்கும் ஆகும். ஹரியானாவின் பானிப்பட்டில் பழைய கம்பளி உடைகளுக்கும் இதே பாடுதான். துணி என்பது அங்கே செத்து, பஞ்சாகி, மறுபடி துணியாகப் பிறக்கிறது. அதைச் சுழற்சி என்பது நியாயம்.

வீட்டில் உள்ள பழைய பட்டுச்சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வழி. பழைய சரிகை வாங்க வருகிறவரிடம் போட்டால், எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். அது மறுசுழற்சி. இன்னொரு வழி எங்கள் வகுப்பு வழி. பீரோவில் ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்த பட்டைப் பிரித்தால் மடிப்பு வழியே விட்டுப்போயிருக்கும். விரல் பட்டாலே ‘பிர்ர்’ என்று பிரியும். ஆனால் மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் உள்ள பாகம் அப்படியே கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருக்கும். அந்தப் பாகங்களை மட்டும் அளந்து வெட்டி, உள்ளே பழைய மல் வேட்டியை லைனிங்காகக் கொடுத்து, கரை அடியில் வரும்படி தைத்தால் மூன்று வயதுக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை. சரிகை இருக்கிறது, நெசவு இருக்கிறது, சேலை மட்டும் இல்லை. இதில் எது சுற்றியது?

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதைத்தான் காட்டுகிறது. 1994-ல் ரைனர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒரு பேட்டியில் இதைச் சொன்னபோது, பேச்சு இடித்த கட்டடங்களைப் பற்றியது. செங்கல்லை நொறுக்கிவிட்டு அதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைக்கிறார்கள், அது தரமிறக்கம் அல்லவா என்பது அவர் கோபம். பழம்பொருளுக்கு மதிப்பு குறையாமல் கூடுகிற வழி வேண்டும் என்றார். நொறுக்காதே என்பதுதான் இந்தச் சொல்லின் கரு. ஆங்கிலத்தில் அது மறுசுழற்சிச் சொல்லின் மேல் ஒட்டுப்போட்ட சொல். கோபத்தில் பிறந்து நிலைத்துவிட்டது. அந்த ஒட்டையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

‘மேம்சுழற்சி’ சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை. மேம்பாட்டைப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள், ஆனால் சகரத்துக்கு முன் அந்த மகரம் நாக்கில் நிற்கவில்லை. மேற்செலவு, மேற்சொன்ன என்பதுபோல் மேற்சுழற்சி என்று வரவேண்டும். அப்படி வந்தாலும் சுழற்சி ஒழியவில்லை.

> தைப்பதைக் குறிக்கும் துன்னல் என்ற பழஞ்சொல்லை மீட்டால் என்ன? சங்க இலக்கியச் சான்று உண்டு.

எனக்கும் ஆசைதான். பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்று வருகிற இடம் எந்தத் தையல்காரிக்கும் பிடிக்கும். நைந்த துணிக்குள் வேறு நூல் ஓடி ஓடி, எது மூலத்துணி எது ஒட்டு என்று தெரியாமல் போன கந்தல். இழையோட்டுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாட்டில் கரிகாலன் அந்தக் கந்தலை நீக்கிவிட்டு, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய புத்தாடை அல்லவா தருகிறான்! சான்று நமக்கு எதிராகவே போகும். அது போகட்டும், துன்னல் தையலை மட்டும் குறிக்கும். லாரி டயரில் செருப்பு வெட்டுவதும், மண்ணெண்ணெய் டின்னில் கைப்பிடி வைத்து வாளி செய்வதும் நம் சொல்லுக்குள் வரவேண்டும். அங்கே ஊசிக்கு வேலை இல்லை.

> நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்ததற்கு நம்மிடம் சொல்லே இல்லையா?

இருப்பதுதான் சிக்கல், ஒன்றல்ல, பத்து. தலைச்சுமைக்குச் சுருட்டி வைத்தால் சும்மாடு. பானை வாய்க்குக் கட்டினால் வேடு. அடுப்பிலிருந்து சட்டி இறக்கினால் பிடிதுணி, அதுவே கறுத்தால் கரித்துணி. முறுக்கி எண்ணெயில் இட்டால் திரி. உத்திரத்தில் தொங்கவிட்டுப் பிள்ளையைப் போட்டால் தூளி. விளைவுக்கு ஒவ்வொரு பெயர். செய்கைக்குப் பொதுப்பெயர் இல்லை. வங்காளிகளும் பழஞ்சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்ட விரிப்பைக் காந்தா என்றார்கள். ஜப்பானியர் ஒட்டுமேல் ஒட்டுப்போட்ட உடையைப் போரோ என்றார்கள். எல்லாம் பொருளின் பெயர். வீட்டுவேலையோடு வேலையாக நடந்ததற்குத் தனியாக ஒரு வினை எவருக்கும் தேவைப்படவில்லை போலும். இப்போது கையேடு, கண்காட்சி, கடன் விண்ணப்பம் என்று வந்த பிறகு தேவைப்படுகிறது.

சரி, என் சொல். மேல் + ஆக்கு. வினை: மேலாக்கு. பெயர்: மேலாக்கம்.

எனக்கு ஒரே ஒரு சோதனைதான்: வினையாக வாயில் வருகிறதா? ‘இந்தச் சேலையை உயர்சுழற்சி செய்துவிட்டேன்’ என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லப்போவதில்லை. ‘சேலையை மேலாக்கிட்டேன்’ வருகிறது. மேலாக்கிய பை, மேலாக்கும் கடை, மேலாக்கத் தெரிந்தவர் எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. எதிர்ச்சொல்லும் கூடவே வருகிறது: கீழாக்கம். நல்ல காட்டன் சட்டையை மெக்கானிக் கடைக்கு வேஸ்ட் துணியாகக் கொடுப்பது கீழாக்கம்.

மேலாக்கு என்றால் தாவணி அல்லவா என்று கேட்பீர்கள். ஆமாம். அம்மாவின் பழைய சேலையை வெட்டித்தானே பாதி வீட்டுப் பெண்களுக்கு மேலாக்கு வந்தது? சேலையை மேலாக்கினால் மேலாக்கு. வகுப்பில் இதைச் சொன்னதும் அந்த அக்கா, “அப்படிச் சொல்லுங்க” என்றார். 2021-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு ஆரம்பித்தபோது, பட்டிக்காட்டுக்காரன் என்று கேலி செய்யக் கைகாட்டிய பையின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ‘மறுபயன்பாட்டுத் துணிப்பைத் திட்டம்’ என்று வைத்திருந்தால் சுவரொட்டியோடு போயிருக்கும்.

அடித்து நொறுக்குங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து

— — —

அக்கா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கள் பக்கம் மீள்சுழற்சி, மீள்பயன்பாடு என்றுதான் எழுதுவோம். நீங்கள் மறுசுழற்சி, மறுபயன்பாடு என்பீர்கள். உங்கள் சொல்லில் மறுவும் இல்லை, மீளும் இல்லை. சண்டை மிச்சம்.

இரண்டு கேள்வி.

ஒன்று, ‘மேலாக்கா பார்த்தான்’ என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலோட்டமாக என்று பொருள். மேலாக்கம் என்றால் மேற்பூச்சு வேலை என்று நினைத்துவிட மாட்டார்களா?

இரண்டு, ஏணை. நீங்கள் தூளி என்கிறீர்கள். அம்மாவின் சேலையில் ஏணை கட்டிப் பிள்ளை அதில் உறங்கினால் அதைவிட மேலான நிலை ஒரு சேலைக்கு ஏது? அது உங்கள் கணக்கில் மேலாக்கமா? கரித்துணி கீழாக்கமா? எது மேல், எது கீழ் என்று யார் தீர்ப்பது? சந்தை விலையா?

— — —

தம்பி,

முதல் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பேச்சில் ‘மேலாக்கா’ உண்டுதான். ஆனால் அது வினையைத் தழுவி வருகிற அடை; பார்த்தான், படித்தான், துடைத்தான் என்று ஏதாவது ஒன்று பின்னால் வந்தாக வேண்டும். மேலாக்கினான் என்று அது நிற்பதில்லை. குழப்பம் வந்தால் வாக்கியத்தில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். இதைவிட நல்ல தடை யாரிடமாவது இருந்தால் சொல்லட்டும், விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது கேள்வி இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. விலையை அளவுகோலாக வைத்தால் தொலைந்தோம். பச்சைப்பிள்ளையின் மேல் புதுத்துணி போடாமல் பழைய வேட்டியைத் தேடுகிறோமே, நூறு தடவை துவைத்து இளகினது என்பதால்தானே? அங்கே பழசாவதே மேலாவது; யாரும் எதுவும் செய்யவில்லை.

ஆகவே அளவுகோலை வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன். தூளியை அவிழ்த்தால் மறுபடி சேலை. வடகம் பிழிந்து காயவைத்த வேட்டியைப் புரட்டிப்போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து, வடகத்தை உரித்து, அலசிக் காயப்போட்டால் மறுபடி வேட்டி. இவை மறுபயன்பாடு. எத்தனை உசத்தியான பயன்பாடாக இருந்தாலும் அப்படித்தான். பட்டுப்பாவாடையைப் பிரித்தால் சேலை வராது. அகலம் மூன்று விரல் வைத்து, கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்துச் சர்ரென்று கிழித்து, சடை பின்னிச் சுருட்டித் தைத்த மிதியடியும் திரும்ப முடியாது. நைலக்ஸ் சேலை கிழியாது, வெட்டித்தான் ஆகவேண்டும் என்பது தனிக்கதை. பஞ்சாகிற அளவுக்குச் சிதையவும் கூடாது, பழைய உருவுக்குத் திரும்பவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில், கைவேலையால் வேறொரு பொருளாகி, அந்த வேலைக்காகவே ஒருவர் அதை விரும்பி எடுத்தால் மேலாக்கம்.

கரித்துணியைக் கீழாக்கம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் துணி இல்லாத அன்று தெரியும் அருமை. பளபளப்பாக இருக்கிறதே என்று பாலியெஸ்டர் சட்டையில் ஒரு பிடிதுணி தைத்து வைத்தேன். குக்கர் பிடியில் உருகி ஒட்டிக்கொண்டது, சுட்ட விரல் ஆற ஒரு வாரம் ஆயிற்று. காட்டன் என்றால் மட்டுமே பிடிதுணி என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

குழுவின் சொற்பட்டியலுக்கு இப்படி அனுப்பலாமா பாருங்கள்:

மேலாக்கம் (பெ.): பயன் தீர்ந்த பொருளை மூலப்பொருளாகச் சிதைக்காமல், கைவேலையால் வேறொரு விரும்பத்தக்க பொருளாக்குவது. வினை: மேலாக்கு. எ-டு: ‘மடிப்பு விட்ட பட்டைப் பாவாடையாக மேலாக்கினாள்.’ எதிர்: கீழாக்கம். ஒப்பிடுக: மறுசுழற்சி / மீள்சுழற்சி, மறுபயன்பாடு / மீள்பயன்பாடு.

‘விரும்பத்தக்க’ என்ற சொல் எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. மாற்று இருந்தால் எழுதுங்கள்.

உயர்சுழற்சி என்று தலைப்பிட்டு அச்சடித்த தாள் அறுபது மிச்சம். பின்பக்கம் வெள்ளை. வகுப்பில் ரவிக்கைக் கழுத்து மாதிரி வரைந்து வெட்ட எடுத்துக்கொண்டோம்: பானைக் கழுத்து, வட்டக் கழுத்து, இலைக் கழுத்து. வெட்டிய தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே அக்கா கேட்கிறார், “இது எதுலங்க சேரும்?”