குவான்சோ நகரின் தமிழ்ச் சிற்பங்களைக் காண நான்கு நாள் பயணம்: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வரும் நவம்பரில் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் செல்கிறோம். அங்கிருந்து தென்சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்திலுள்ள குவான்சோ நகருக்குப் போய் நான்கு நாள் தங்கிவர விரும்புகிறோம். 1281ஆம் ஆண்டில் அங்கே தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டுப் பொறித்து ஒரு சிவன் கோயிலை நம்மவர்கள் எழுப்பினார்கள் என்று படித்த நாளிலிருந்து இந்த ஆசை விடவில்லை. அந்தக் கோயில் இன்றும் நிற்கிறதா, உள்ளே சென்று வழிபட முடியுமா என்பதே என் முதல் கேள்வி. மனைவி முட்டைகூடச் சாப்பிடமாட்டார். இருவருக்கும் சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. இவ்வளவையும் விளக்கமாகச் சொன்ன பிறகும், இங்குள்ள பயண முகவர் ஒருவர் குவாங்சோவுக்கு விமானச் சீட்டு விலை அனுப்பியிருந்தார். அது வேறு மாகாணத்திலுள்ள வேறு நகரம் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் ஒரு வாரம் போயிற்று.

முத்தியால்பேட்டை ஆசிரியை எழுதியது:

ஐயா, இரண்டாண்டுகளுக்கு முன் என் கணவருடன் அங்கே போய்வந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நினைக்கும் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் மட்டும் ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரில் மூண்ட கலகத்திலும் அதைத் தொடர்ந்த வெறுப்பிலும் அயல்நாட்டு வணிகர்களின் குடியிருப்புகள் அழிந்தன. உடைந்த கோயிலின் கற்கள் நகர மதிலுக்கும் பாலங்களுக்கும் வேறு கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை மீண்டும் வெளிப்பட்டன. வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 1957இல் நூலாகவும் வெளியிட்டார். ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, எனக்கு அந்த மனிதர்மேல் தனி மதிப்பு உண்டு.

ஆகவே, கோயிலைத் தேடாமல் கற்களைத் தேடிப் போங்கள். 686இல் தோன்றிய கையுவான் என்னும் பௌத்தக் கோயிலில் தொடங்குங்கள். பெரும்பாலான பயணிகள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரட்டைக் கல்கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மூல மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குச் செல்லுங்கள். மிங் அரச மரபின் காலத்துத் திருப்பணியின்போது எங்கிருந்தோ எடுத்துவந்து நிறுத்தப்பட்ட, பதினாறு பட்டை கொண்ட இரண்டு தூண்கள் அங்கே நிற்கின்றன. ஒன்றில் இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர். இன்னோர் இடத்தில் உரலோடு மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணன். காளியனை அடக்கும் கண்ணனும் முதலைவாய்ப்பட்ட யானையும் உண்டு. உருவங்கள் கையகல வட்டங்களுக்குள் அடங்கியவை என்பதால் கண் பழகச் சற்று நேரம் ஆகும்; நான் அங்கேயே ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தேன். மண்டபத்தின் முன்புற மேடையின் அடிவரியிலும் மனித முகமும் சிங்க உடலும் கொண்ட சிற்பப் பலகைகள் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. குனிந்து பார்க்காவிட்டால் அவை கண்ணில் படமாட்டா.

அடுத்த நாள் கடல்வழித் தொடர்பு வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். இலிங்கத்தை யானை வழிபடும் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்ததும் என் கணவர் 'திருவானைக்கா' என்று உரக்கவே சொல்லிவிட்டார். சீனாவில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கள்கிழமை மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வழிபாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில், காலடியில் ஓர் அசுரனும் நான்கு கைகளும் கொண்ட நம் மரபுச் சிற்பத்தை அவ்வூர் மக்கள் கருணைத் தாயான குவான்யின் என்று கருதி ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். நாங்களும் கும்பிட்டோம். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் எங்களுக்கும் இரண்டு வத்திகளைக் கொடுத்தார்.

முதுநகர் இறால் வணிகர் எழுதியது:

தொழில் காரணமாக மூன்றாண்டுகள் சியாமென் நகரில் இருந்தவன் என்ற முறையில் நடைமுறைச் செய்திகளைச் சொல்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூருக்குப் புறப்படும் முன்பே இங்கிருந்து வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் சியாமென் போனால், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் குவான்சோ வந்துவிடும். ஊர்ப்பெயரைச் 'சுவான்சோ' என்று சொன்னால்தான் அங்கே யாருக்கும் விளங்கும்.

கடைகளில் பணம் பெரும்பாலும் அலிபே அல்லது வீசாட் என்ற கைப்பேசிச் செயலிகள் வழியாகவே கைமாறுகிறது. அயல்நாட்டு வங்கி அட்டையை அலிபேயில் இணைக்கலாம் என்றாலும், அதை ஊரிலேயே செய்துமுடித்துவிடுங்கள். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே இயங்கமாட்டா. ஆனால் உங்கள் மகளின் உதவியுடன் சிங்கப்பூர் சிம் ஒன்றை ரோமிங்கோடு கொண்டுபோனால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

சாப்பாட்டுக்கு 'வோ ச்சீ சூ' என்ற மூன்று சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். நான் சைவம் என்று பொருள். அது மட்டும் போதாது. கீரை வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், சிப்பிச் சாறும் ஊற்றுவார்கள். ஆகையால் இன்னின்னது வேண்டாம் என்று மகளின் சீன நண்பர் எவரிடமாவது ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பௌத்த சைவ உணவகங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. தெருக்கடைகளில் நம் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையைக் குழைய வேகவைத்துச் சூடாகத் தரும் இனிப்புக் கஞ்சி மிக நன்றாக இருக்கும். சிலர் அதிலும் முட்டையை உடைத்து ஊற்றுவார்கள் என்பதால் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர் எழுதியது:

சோழர் கடல் கடந்து கட்டிய கோயில் அது. இதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை ஆசிரியை எழுதியது:

தம்பி, சோழ அரசின் தூதுக் குழுக்கள் 1015இலும் 1077இலும் சீன அரசவைக்குச் சென்றது உண்மைதான். ஆனால் கல்வெட்டின் காலமான சக ஆண்டு 1203இல், அதாவது 1281இல், இங்கே ஓங்கியிருந்தது மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சி. மேலும், அது எந்த அரசனும் கட்டிய கோயில் அன்று. சம்பந்தப் பெருமாள் என்ற ஒருவர், அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியக் கானின் 'திருமேனி நன்றாக' வேண்டும் என்று இறைவனை எழுந்தருளச் செய்ததாக அந்தக் கல் சொல்கிறது. நம் மன்னர்களுக்கு எழுதும் அதே தொடரைக் கானுக்கும் எழுதி, அவருடைய ஆணையைப் 'பர்மான்' என்றே குறித்திருக்கிறார்கள். பாடமாக வைப்பதானால் இதை வைக்கலாம்.

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கோயில் இல்லை என்று படித்தபோது மனம் சற்று வாடியது. அந்தத் தூண்களைப் பற்றிப் படித்ததும் தேறிவிட்டது. கையுவானுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கிவிட்டேன். என் மனைவிக்குச் சிற்பங்களில் அவ்வளவு நாட்டமில்லை. அவருக்கென்று அங்கே ஏதேனும் உண்டா?

முதுநகர் இறால் வணிகர் எழுதியது:

நகரின் விளிம்பில் சுன்பூ என்ற மீனவர் ஊர் இருக்கிறது. சிப்பி ஓடுகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய பழைய வீடுகள் அங்கே உண்டு. அவ்வூர்ப் பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் சூடுவார்கள். மல்லிகை வகையும் அதில் இருக்கும். வெளியூர்ப் பெண்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு அதேபோல் தலை அலங்கரித்துவிடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அம்மாவைக் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள்; வார இறுதியில் கூட்டம் தாங்காது.