லாப்லாந்து குளிர்காலப் பயணம்: நண்பர்களோடு கிளம்பும் மாணவர்களுக்கு அனுபவப் பகிர்வு

பின்லாந்தின் வடக்கே போகிறோம் என்றதும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, மைனஸ் 25-ஐ எப்படித் தாங்குவது என்பதுதான். வறண்ட மைனஸ் 25-ஐத் தாங்கிவிடலாம். ஆளை முடக்குவது ஈரம். வியர்த்து நனைந்த பனியன், மூச்சுக்காற்றில் நனைந்து விறைத்துப்போன மஃப்ளர், முந்தின நாள் காயாத பூட்ஸ், இவைதான் பாதி வழியில் திரும்ப வைக்கின்றன.

அதனால் உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றவுடன் குளிரை உடம்புக்குள் இறக்கும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். ஏறுவதற்கு முன் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், நின்றதும் மூடுங்கள்.

பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். மூன்று சாக்ஸ் போட்டுக் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து, ஒரு சாக்ஸ் போட்டவரைவிட முதலில் உங்களுக்குத்தான் விரல் மரத்துப்போகும். ராத்திரி பூட்ஸின் உள்மெத்தையை உருவி வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும். வடக்கே பல மரவீடுகளில் துணி, பூட்ஸ் உலர்த்தவே ஓர் அலமாரி இருக்கும், ‘குய்வவுஸ்காப்பி’ என்பார்கள். முன்பதிவு செய்யும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பேர் ஈரத்துணிக்கு அதுபோல் உதவும் பொருள் வேறில்லை.

* * *

தேதியைப் பற்றி. டிசம்பர் கடைசியில் லாப்லாந்தின் தலைநகரான ரொவானியெமியில் பகல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுதான் அதிகம். இன்னும் வடக்கே உட்ஸ்யோக்கியில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை சூரியன் எழுவதே இல்லை. பிப்ரவரி நடுவில் ரொவானியெமியில் எட்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், பனியும் ஆழமாக இருக்கும், வட துருவ ஒளி பார்க்க இரவும் போதுமான அளவு நீளம். என் கணக்கில் மாணவர்களுக்கு ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் சரி. ஆண்டின் 8, 9, 10-ஆவது வாரங்களில் பள்ளிகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை. வீட்டு வாடகை ஏறிவிடும்.

ஹெல்சிங்கியிலிருந்து ரொவானியெமிக்கு இரவு ரயில் சுமார் 12 மணி நேரம். படுக்கை அறையில் போனால் ஓர் இரவு தங்கும் செலவு மிச்சம். மாணவர் தள்ளுபடியில் எடுத்தால் அதற்கான அட்டையைக் கையோடு வைத்திருங்கள், வண்டியில் கேட்பார்கள்.

* * *

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு, கொஞ்சம் விரிவாகவே.

முன்பக்க பம்பரில் சின்ன மூடியோடு ஒரு பிளக் இருக்கும். எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டருக்கான பிளக் அது. கேபிள் டிக்கியில் கிடக்கும். தங்குமிட வாகன நிறுத்தத்தில் கம்பத்தில் பெட்டி, அதற்குள் சாக்கெட், பக்கத்தில் நேரம் வைக்கும் வட்டத் திருகு. ராத்திரி முழுக்க ஓடவிடத் தேவையில்லை. மைனஸ் 5 முதல் 10 வரை ஒரு மணி நேரம், மைனஸ் 10 முதல் 20 வரை இரண்டு, அதற்கும் கீழே மூன்று மணி நேரம் போதும். கிளம்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் திருகை வையுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, கேபிளைக் கழற்றாமல் வண்டியை எடுப்பது. பெட்டியும் பம்பரும் சேர்ந்து போகும். கேபிள் மாட்டியிருக்கும்போதெல்லாம் கார் சாவியை ஓட்டுநர் இருக்கையில் வைக்காமல், கேபிள் உறையோடு சேர்த்து வைக்கும் பழக்கம் நல்லது.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். சக்கரத்தில் ஒட்டிய ஈரப்பனி உறைந்து பிரேக் பிடித்துக்கொள்ளும், காலையில் பின்சக்கரம் சுற்றாது. சமதரையில் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் நிலையில் விடுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 30 தாங்குவதா என்று டப்பாவில் பார்த்து ஊற்றுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், பங்குகளுக்கு இடையே தூரம் அதிகம்.

மிகக் கடுங்குளிரில் சாலை ஓரளவு பிடிப்போடு இருக்கும். பயப்பட வேண்டியது பூஜ்யத்தை ஒட்டிய நாள்களுக்கு. அப்போது ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம், ஆணி பதித்த டயரும் வழுக்கும். எதிரே லாரி வந்தால் கிளப்பும் பனித்தூளில் நாலைந்து விநாடி எதுவுமே தெரியாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து வலது ஓரத்தை (இங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்) ஒட்டிப் போங்கள், திடீர் பிரேக் வேண்டாம்.

கலைமான் ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் கூட்டமே வரும். ஹாரனுக்கு அசையாது. நின்று காத்திருப்பதுதான் வழி. மோதிவிட்டால் சிறியதானாலும் அவசர உதவி எண்ணான 112-க்குச் சொல்லியே ஆக வேண்டும். அவை யாரோ ஒரு கலைமான் வளர்ப்பவரின் சொத்து.

* * *

வட துருவ ஒளிக்கு: செயலிகளில் காட்டும் கே.பி. எண்ணை (பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பின் அளவு, 0 முதல் 9 வரை) பார்த்து மனம் தளர வேண்டாம். லாப்லாந்து அந்த ஒளி வளையத்தின் அடியிலேயே இருக்கிறது, 1 அல்லது 2 போதும். முடிவு செய்வது மேகம். வானிலை ஆய்வு மையத்தின் மேகப் படத்தைப் பார்த்து, திறந்த வானம் இருக்கும் திசைக்கு நகருங்கள். கண்ணுக்கு முதலில் சாம்பல் நிறக் கோடாக, மேகம் போலத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு படம் எடுங்கள், பச்சை வந்தால் அதுதான்.

கேமராவில் லென்ஸின் ஒளித்துளையை முழுக்கத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, நேரம் 4 முதல் 8 விநாடி. அதற்கு மேல் போனால் நடனமாடும் கதிர்கள் கலந்து பச்சைக் குழம்பாகிவிடும். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் கையால் குவியம் வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். போன் என்றால் டிரைபாட், இரவு நிலை, 3 விநாடி டைமர். டிரைபாடின் உலோகக் காலை வெறும் கையால் பிடித்தால் தோல் ஒட்டும்.

பேட்டரி குளிரில் 40 விழுக்காட்டிலும் அணைந்துபோகும். உள்ளே மின்தடை கூடுவதால்தான் அப்படி. உள் பையில் வைத்துச் சூடேற்றினால் மீண்டும் வரும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துபோன பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டாம், நிரந்தரமாகக் கெடும். இனி ஈரத்தின் வேலை: குளிர்ந்த கேமராவை நேராக வீட்டுக்குள் கொண்டுபோனால் லென்ஸுக்கு உள்ளேயும் வேர்க்கும். வெளியிலேயே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவை ஜிப் பையில் இறுக மூடி, உள்ளே கொண்டுவந்து இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விடுங்கள்.

* * *

பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் பற்றிக் கொஞ்சம்: மைனஸ் 20-இல் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்துக்கு மைனஸ் 34 போல இருக்கும். கன்னம் முழுக்க மூடுங்கள். ஓட்டுபவரிடம் ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். வண்டி சேதமானால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள், அது பல நேரம் பயணச் செலவையே மிஞ்சும்.

கால்மணிக்கு ஒரு தரம் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ காசு அளவில், மெழுகு தடவியது போல வெள்ளைத் திட்டு தெரியும். அவருக்கு அது வலிக்காது, அதனால் தெரியவே தெரியாது. வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து நிறம் திரும்பும்வரை எடுக்காதீர்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். விரல் மரத்துப்போயிருந்தால் உள்ளே போய் 37 முதல் 39 டிகிரி நீரில் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவ ஆலோசனை எண்ணான 116117-க்கு அழைத்துக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

* * *

மரவீட்டில் படுக்கை விரிப்பும் கடைசிச் சுத்தமும் பெரும்பாலும் வாடகையில் சேராது. சொந்த விரிப்பு கொண்டுபோய், கிளம்பும்முன் நாலு பேரும் ஒரு மணி நேரம் துடைத்தால் அந்தப் பணம் மிஞ்சும்.

கணப்படுப்பு இருந்தால் ஒன்று மறக்காதீர்கள். புகைபோக்கியில் இழுத்து மூடும் தகடு உண்டு, ‘பெல்டி’. அதை மூடினால் சூடு தங்கும் என்று கங்கு கனன்றுகொண்டிருக்கும்போதே மூடிவிடுவார்கள். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிறையும், தூக்கத்திலேயே ஆபத்து. கிளறிப் பார்த்து ஒரு சிவப்புப் பொறிகூட இல்லாதபோதுதான் மூட வேண்டும். சவுனா (நீராவிக் குளியல் அறை) அடுப்புக்கு மேல் ஈரச் சாக்ஸைக் காயப்போடுவதும் அப்படித்தான், தீப்பிடிக்கும் வழி அது.

உறைந்த ஏரியில் தெளிவான கெட்டி ஐஸ் 5 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம். ஓடை கலக்கும் இடம், பாலத்தின் அடி, நாணல் வளர்ந்த கரை, இங்கெல்லாம் மெலிந்திருக்கும். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே போட்ட பனிச்சறுக்குத் தடத்தில் மட்டும் போங்கள், கழுத்தில் ஐஸ் ஊசி ஜோடியை (விழுந்தால் ஐஸில் குத்தி மேலேறப் பயன்படும் கைப்பிடி ஊசிகள்) தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லையோரக் கிராமமான கில்பிஸ்யார்வி வழியாக நார்வே போகிறவர்கள் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டியதும் போன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். திரும்பும் பேருந்து பின்லாந்து நேரத்தில் குறித்திருந்தால் அதைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.